கல்படுக்கையும் கப்பல் படுக்கையும்

சித்தன்னவாசல் குன்றின் உச்சியை ஒட்டிய ஏழடிப்பட்டம் குகையில் 17 கல்படுக்கைகள் இருக்கின்றன. சமண முனிவர்கள் படுத்திருந்த இடம். பாறையைச் சமமாகச் செதுக்கி, வழவழவென்று இழைத்து, தலைமாட்டில் மட்டும் கொஞ்சம் உயரம் விட்டிருக்கிறார்கள். அதுதான் தலையணை. ஏறி வந்த களைப்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற சித்தப்பா சொன்னார்: "பங்க்கு மாதிரியே இருக்குடா. என்ன, இது ஆடாது."

அவர் சொன்னது எம்.வி. சிதம்பரம் கப்பலின் பங்க் வகுப்பை. இருபது வயதில் அதில் ஏறிச் சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போனவர். இப்போது எழுபதை நெருங்குகிறார். அவருக்குப் பின்னால் மூச்சு வாங்க நின்றது என் தங்கை மகளும் அவள் வீட்டுக்காரரும். இருவருக்கும் சிங்கப்பூரில் வேலை. விடுமுறைக்குத் திருச்சியில் வந்து இறங்கியவர்களை, விமான நிலையத்துக்கு முன்னால் ஓடும் அதே புதுக்கோட்டைச் சாலையில் வீட்டுக்குக் கூட்டிவந்து, மறுநாள் காலை இங்கே அழைத்து வந்திருந்தோம். சென்னையிலிருந்து கிளம்பும் கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பலிலும், சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட ஜெண்டிங் ட்ரீம் கப்பலிலும் போய்வந்த ஜோடி. ஆக, சித்தப்பா 'பங்க்கு' என்று வாயெடுத்ததும் பேச்சு சமணத்தை விட்டுக் கப்பலுக்குப் போய்விட்டது. அன்று முழுக்க அது திரும்பவே இல்லை.

ஏழடிப்பட்டத்துக்கு வருவது சுலபமில்லை. அடிவாரத்திலிருந்து படி ஏறி, முகட்டைத் தாண்டி, பாறை விளிம்பை ஒட்டி மறுபக்கம் வரவேண்டும். கால் வைக்கப் பாறையிலேயே வெட்டிய குழிகள். இப்போது கம்பித் தடுப்பு போட்டிருக்கிறார்கள். முனிவர்களுக்கு அதுவும் இருந்திருக்காது. "தாத்தா, எம்ப்ரஸ்ல பாறை ஏற ஒரு சுவரு இருக்கு. இடுப்புல கயிறு கட்டி ஏத்திவிடுவாங்க" என்றாள் தங்கை மகள். "கடலுக்கு நடுவுலயா?" என்றார் சித்தப்பா. நம்புவதா வேண்டாமா என்று அவருக்குப் புரியவில்லை.

படுக்கைகளில் பெரியதான ஒன்றில் தமிழிக் கல்வெட்டு இருக்கிறது. கி.மு. முதலாம் நூற்றாண்டை ஒட்டியது என்பார்கள். எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த ஒரு துறவிக்குச் சிறுபோசில் இளையர் செய்து கொடுத்த இடம் என்பது அதன் சாரம். எருமி நாடு என்பது மைசூர்ப் பக்கம் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து நடந்து வந்த ஒருவருக்கு இந்தப் பக்கத்து ஆட்கள் படுக்கை வெட்டிக் கொடுத்து, யாருக்கு, யார் கொடுத்தது என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். மற்றப் படுக்கைகளில் சிலவற்றில் பல நூற்றாண்டு கழித்து வந்தவர்களின் பெயர்கள்: திருநீலன், திருப்பூரணன், திட்டைச்சரணன். ஒவ்வொருவருக்கும் அளந்த இடம், அதில் அவர் பெயர்.

சித்தப்பாவின் அப்பா, அதாவது என் தாத்தா, கப்பலேறியபோது அவருக்குப் பெயர் எழுதிய இடம் எதுவும் கிடைக்கவில்லை. அவர் போனது ரஜூலாவில். தஞ்சை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்துப் பெரியவர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். ஒரு கதையாவது வரும். பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்காக 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடிய கப்பல். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். படகில் போய்த்தான் ஏறவேண்டும். மேல்வகுப்பில் சில பத்துப் பேர். மீதிப் பேர் எல்லாம் தளப் பயணிகள், டெக் பாசஞ்சர்கள். தொடக்கத்தில் அவர்களை மட்டும் ஐயாயிரத்துக்கு மேல் ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. பிறகு அந்த எண்ணிக்கையைக் குறைத்தார்கள். பாயும் டிரங்குப் பெட்டியும் அவரவர் கொண்டுபோக வேண்டும். பாய் விரித்த இடம்தான் அறை. முந்தினவருக்கு நல்ல இடம்.

கல்படுக்கையின் எதிரே உட்கார்ந்து மாப்பிள்ளை கைபேசியில் ஒரு கணக்குப் போட்டார். உல்லாசக் கப்பல்களை ஒப்பிடுகிறவர்கள் பார்க்கும் முதல் கணக்கு அதுதானாம். கப்பலின் மொத்த டன்னைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுப்பது. இந்த டன் எடை அல்ல. கப்பலுக்குள் அடைபட்ட இடத்தின் அளவு. பழைய கணக்கில் ஒரு டன் என்றால் 100 கன அடி. இன்றைய சூத்திரம் வேறு என்றாலும், ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.

எம்ப்ரஸ் 48,563 டன். ஏறக்குறைய 1,800 பேர் என்று வைத்துக்கொண்டால் தலைக்கு 27. ஜெண்டிங் ட்ரீம் 1,50,695 டன். அறைக்கு இருவர் என்ற கணக்கில் சுமார் 3,350 பேர். தலைக்கு 45. அட்லாண்டிக் கடலில் ஓடும் குவீன் மேரி 2 கப்பலில் இது 55ஐத் தொடுகிறது. ரஜூலா 8,478 டன். ஐயாயிரம் பேர். தலைக்கு 1.7.

"தப்பாப் போட்டிருப்பீங்க" என்றாள் அவர் மனைவி. திரும்பப் போட்டார். அதேதான்.

திறந்த தளத்தில் வானத்தைப் பார்த்துப் படுத்தவர்களின் இடம் இந்த டன் கணக்கில் வராது என்று நான் சொன்னேன். அதைச் சேர்த்தால் எண் கொஞ்சம் கூடும். ஆனால் எஞ்சின் அறையும் சரக்கு அறையும் இந்த 1.7க்கு உள்ளேதான் அடக்கம் என்பதால் கூடியது கழிந்துவிடும். சித்தப்பா எண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "எங்கப்பா ஒருக்களிச்சுத்தான் தூங்குவாரு, சாகுற வரைக்கும்" என்றார்.

குன்றிலிருந்து இறங்கி மேற்குச் சரிவுக்கு வந்தோம். அறிவர் கோயில் இந்தப் பக்கம். வெளியிலிருந்து பார்த்தால் தூண்களோடு கூடிய சிறிய முகப்பு. உள்ளே ஒரு முன்மண்டபம், அதற்குள் ஒரு கருவறை, அவ்வளவுதான். பாறையைக் குடைந்தது. மகேந்திரவர்மப் பல்லவன் செய்தது என்று முன்பு எழுதினார்கள். பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இதைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு இருப்பதால் ஓவியங்களைப் பாண்டியர் கால வேலையாகவே இப்போது பெரும்பாலும் கொள்கிறார்கள்.

மண்டபத்தில் நின்று தலையைத் தூக்கினால் குளம். தாமரை பூத்த குளம், நம் தலைக்கு மேல். மீன், வாத்து, யானை, எருமை எல்லாம் அதில் இருக்கின்றன. மூன்று ஆண்கள் தண்ணீருக்குள் இறங்கிப் பூப்பறிக்கிறார்கள். அதில் ஒருவர் கையில் தண்டோடு தாமரை. தீர்த்தங்கரரின் அருளுரை கேட்கப் போகிறவர்கள் வழியில் கடக்கும் குளம் இது என்பது சமண விளக்கம். சுண்ணாம்புப் பூச்சு உலர்ந்த பிறகு மூலிகை, கனிமச் சாயங்களால் தீட்டியது. நிறைய உதிர்ந்துவிட்டது. தூணில் ஆடும் பெண்களில் ஒருத்தியின் கை மட்டும் இன்னும் அப்படியே நீண்டு கிடக்கிறது. படத்தில் பார்த்துவிட்டு வருகிறவர்கள் 'இவ்வளவுதானா' என்று கேட்பார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கண் இருட்டுக்குப் பழகும் வரை நில்லுங்கள். முதல் பார்வையில் கறையாகத் தெரிந்தது மெல்ல மீனாகும்.

கருவறைக்குள் நின்று 'ம்' என்று இழுத்தால் அறை முழுவதும் திரும்ப ரீங்கரிக்கும். வருகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான், நாங்களும் செய்தோம். நீள அகலம் பத்தடிக்குள், உயரம் அதைவிடக் குறைவு. தாராளமாக ஆயிரம் கன அடி என்றே வைத்தாலும், மாப்பிள்ளையின் கணக்குப்படி இந்தக் கருவறை ரஜூலாவின் ஆறு பயணிகளுடைய பங்கு. எம்ப்ரஸ் பயணி ஒருவருக்கோ இதுபோல் மூன்று அறைக்குக் கொஞ்சம் குறைவாக வரும். நாங்கள் நால்வரும் உள்ளே நின்றபோதே தோள் இடித்தது. இதில் இன்னும் இரண்டு பேரும், அவர்களுடைய டிரங்குப் பெட்டிகளும், ஏழெட்டு நாளும். அந்த நினைப்பு வந்ததும் நான் முதலில் வெளியே வந்துவிட்டேன்.

வேப்ப மர நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். புளிச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல். "உருளைக்கிழங்கா? இந்த ஊர் பழைய ஆளுங்க தொட மாட்டாங்களே" என்றார் மாப்பிள்ளை. மண்ணுக்குள் விளையும் கிழங்கு சமணர்களுக்கு ஆகாது. ஆச்சரியம் என்னவென்றால், இன்றைக்கு அந்த விதியைக் கடைப்பிடித்து ஆயிரக்கணக்கானோருக்குச் சமைக்கும் இடங்களில் உல்லாசக் கப்பல்களும் உண்டு. எம்ப்ரஸில் சமண உணவு தனியாகக் கிடைக்கும். ஜெண்டிங் ட்ரீமிலும் உண்டு. குஜராத், ராஜஸ்தான் குடும்பங்கள் கூட்டமாகப் பதிவு செய்வதால் வந்த மாற்றம். அதே கப்பலில் பத்தடி தள்ளிச் சூதாட்டக் கூடமும் மதுக்கூடமும் இருக்கும்.

இரண்டில் எது உசத்தி என்று சித்தப்பா கேட்டார். தங்கை மகள் சொன்னதைத் தொகுத்துத் தருகிறேன். எம்ப்ரஸ் 1990இல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் ராயல் கரீபியன் நிறுவனத்துக்காகப் பிரான்சில் கட்டப்பட்ட கப்பல். இன்றைய அளவில் சிறியது. ஒருமுறை சுற்றி வந்தால் வழி பிடிபட்டுவிடும். இரண்டாம் நாளே எதிர்ப்படுகிறவர்கள் தெரிந்த முகமாகிவிடுவார்கள். ஊர்க் கல்யாணத்துக்குப் போன மாதிரி இருக்கும் என்றாள்: பாட்டு, ஆட்டம், வரிசையாகச் சாப்பாடு, தெரியாதவர்கள்கூட 'எந்த ஊரு' என்று கேட்டுக்கொண்டே உட்கார்வார்கள். 2022 ஜூனில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைக்க இந்தக் கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியது. அடுத்த ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போகத் தொடங்கியது.

ஜெண்டிங் ட்ரீம் வேறு ரகம். 2016இல் ஜெர்மனியில் கட்டியது. நீர்ச்சறுக்கு, கயிற்றில் தொங்கிப் போகும் விளையாட்டு, பந்துருட்டும் கூடம் என்று பிள்ளைகளுக்கு அலுக்காது. வழி தொலையும். சாப்பிடும் இடங்கள் ஏராளம். ஆனால் எல்லாம் டிக்கெட்டில் சேர்ந்ததல்ல. எந்தக் கப்பலிலும் இதுதான் பொறி. அறையும் பொதுச் சாப்பாடும் டிக்கெட்டில் அடக்கம்; மது, இணையம், தனி உணவகம், கரையில் இறங்கிச் சுற்றுவது, ஊழியர்களுக்கான சேவைக் கட்டணம் எல்லாம் பெரும்பாலும் தனி. கழுத்தில் மாட்டிய அட்டையை நீட்டுவதோடு முடிந்துவிடுவதால் காசு போவது தெரியாது. கடைசி நாள் காலையில் தெரியும்.

அவள் சொன்னதில் சித்தப்பாவை நிமிர வைத்தது வேறொன்று. ஜெண்டிங் ட்ரீமில் 'தி பேலஸ்' என்று ஒரு பகுதி. கப்பலுக்குள் ஒரு கப்பல். அதில் அறை எடுத்தவர்களுக்குத் தனி நீச்சல் குளம், தனி உணவகம், பணிவிடைக்கு ஆள். மற்றவர்கள் அந்தக் கதவைத் தாண்ட முடியாது. எம்.எஸ்.சி. கப்பல்களில் 'யாட் கிளப்', நார்வீஜியன் கப்பல்களில் 'ஹேவன்' என்று இதே ஏற்பாடு வேறு பெயர்களில் உண்டு.

"அப்ப ஒண்ணும் மாறலையே" என்றார் சித்தப்பா.

எனக்கு அது முழுக்கச் சரி என்று தோன்றவில்லை. பழைய வகுப்புப் பிரிவு நீச்சல் குளத்தோடு நிற்கவில்லை. ரஜூலாக் காலத்தில் மேல்வகுப்புக்காரரைக் கப்பலிலேயே பார்த்து அனுப்பிவிடுவார்கள். தளப் பயணிகளைத் தொற்றுக் காப்புக்காகப் பினாங்கில் என்றால் ஜெரெஜாக் தீவிலும், சிங்கப்பூரில் என்றால் செயின்ட் ஜான்ஸ் தீவிலும் இறக்கி வைப்பார்கள். நோய் டிக்கெட் பார்த்து வரும் என்று அதிகாரிகள் நம்பினார்கள் போலும். இன்றைக்கு ஜன்னலில்லாத உள்ளறை எடுத்தவரும் பேலஸ் எடுத்தவரும் இறங்கும்போது ஒரே குடியேற்றச் சோதனைக்குத்தான் போகிறார்கள். புறப்படுவதற்கு முன் நடக்கும் ஆபத்துக்காலப் பயிற்சியும் எல்லாருக்கும் கட்டாயம்.

அந்தப் பயிற்சியைச் சும்மா நினைக்கக் கூடாது. சித்தப்பா போன சிதம்பரம் 1966இல் பிரான்சில் 'பாஸ்தர்' என்ற பெயரில் கட்டப்பட்டு, 1972இல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி, வ.உ. சிதம்பரனாரின் பெயர் சூட்டிய கப்பல். பங்க் வகுப்பில் அடுக்குப் படுக்கை உண்டு. தரையில் பாய் விரித்த தாத்தாவுக்கு அடுத்த தலைமுறைக்கு ஒரு முழுப் படுக்கை கிடைத்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்துப் பயணிகள் பலர் இறந்தார்கள். அதோடு அந்தக் கப்பலும், நம் பக்கத்து ஜனங்கள் சிங்கப்பூருக்குக் கப்பலில் போன காலமும் முடிந்தன. சித்தப்பா அதற்குள் விமானத்துக்கு மாறியிருந்தார்.

"சாப்பாடு எப்படி இருந்துச்சு தாத்தா?"

"யாரு சாப்பிட்டா? ரெண்டு நாள் வாந்தி. மூணாம் நாள் ஒரு மலாய்க்காரரு எலுமிச்சங்கா குடுத்தாரு, மோந்து பாருன்னு. நாலாம் நாள்ல இருந்து சீட்டாட்டம். இறங்குறப்போ அழுதேன்."

"பயந்தா?"

"இல்லம்மா. அவங்களை எல்லாம் விட்டுப் போறமேன்னு."

தங்கை மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, இரண்டு கப்பலிலும் சேர்த்துத் தங்களுக்கு ஒரு கைபேசி எண்கூடப் புதிதாகச் சேரவில்லை என்றாள். எனக்கு இதில் பழசை உயர்த்திப் பேச விருப்பமில்லை. ஏழெட்டு நாள் அடுத்தவர் மூச்சு மேலே பட்டால் நட்பு வரும், காலராவும் வரும். தலைக்கு 27 டன் உள்ள இடத்தில் இரண்டுமே வருவது கடினம்.

அடிவாரத்துப் பூங்காவில் ஒரு படகுக் குளம் இருக்கிறது. சாப்பிட்டு முடித்து அங்கே போனோம். இருவர் உட்கார்ந்து மிதிக்கும் படகில் சித்தப்பாவும் பேத்தியும் ஏறினார்கள். சுற்றுச்சுவருக்குள் ஒரு வட்டம். ஆளுக்கு ஒரு உயிர்காப்பு உடை கொடுத்தார்கள். சித்தப்பா அதன் வாரை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். மாப்பிள்ளையும் நானும் கரையில் நின்றோம். தலைக்கு இடம் என்று பார்த்தால் அன்றைக்கு நாங்கள் கண்டதிலேயே தாராளமான கப்பல் அதுதான்: ஒரு குளத்துக்கு இரண்டு பேர்.

கடல் தாண்டும் இன்னொரு வழியையும் சொல்லியாக வேண்டும். புதுக்கோட்டை நிலையத்தில் இன்றும் ராமேசுவரம் போகும் ஒரு ரயில் நிற்கிறது. போட் மெயில் என்றுதான் பெயர். தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் போய் மீண்டும் ரயில் பிடிக்கலாம் என்றிருந்த காலத்துப் பெயர். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி போயிற்று. பெயர் மட்டும் தண்டவாளத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன புதுக்கோட்டைச் சீமைக் குடும்பங்கள் பல இந்தக் கடலைத் தாண்டியவை. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் 'செரியபாணி' என்ற கப்பல் விட்டார்கள். சில நாள் ஓடிப் பருவமழையோடு நின்றது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' தொடங்கியது. ஏறக்குறைய 150 இருக்கைகள், சுமார் 110 கிலோமீட்டர், நான்கு மணி நேரப் பயணம். இதில் ஆட்டமும் பாட்டமும் இல்லை; பேருந்துபோல உட்கார்ந்து போய் இறங்க வேண்டியதுதான். பங்க் வகுப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டால் சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போகும் அரசுக் கப்பல்களில் அது இன்னும் இருக்கிறது. ஏறக்குறைய மூன்று நாள் பயணம்.

எதில் போகலாம் என்று கேட்பவர்களுக்கு என் தீர்ப்பு இது. முதல் முறை, வீட்டில் பெரியவர்களோடு என்றால் சென்னைக் கப்பல் போதும். கொஞ்சம் கூடச் செலவானாலும் ஜன்னல் உள்ள அறை எடுங்கள், ஜன்னலில்லாத உள்ளறையில் பகல் எது இரவு எது என்று தெரியாது. பிள்ளைகள் இருந்தால் திருச்சியில் விமானம் ஏறிச் சிங்கப்பூர் போய் அங்கிருந்து பெரிய கப்பல். யாழ்ப்பாணத்தில் வேலையோ உறவோ இருந்தால் நாகைக் கப்பல். வேறு எதற்கும் அது வேண்டாம். நிறுவனத்தின் பெயரைப் பார்க்குமுன் டன்னை ஆட்கணக்கால் வகுத்துப் பாருங்கள். முப்பதுக்குக் கீழே என்றால் சாப்பாட்டு வரிசையிலும் நீச்சல் குளத்திலும் நெரிசலை எதிர்பார்த்துப் போங்கள். நாற்பதைத் தாண்டினால் தாராளம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வங்காள விரிகுடாவில் எதற்கும் முன்பணம் கட்டாதீர்கள்.

சித்தன்னவாசலுக்கு வருவதென்றால் பாறை சூடேறுமுன், காலை பத்து மணிக்குள், ஏழடிப்பட்டம் ஏறி இறங்கிவிடுங்கள். புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர்தான். குடிநீர் கையில் இருக்கட்டும்.